சீனிப் பொம்மை இருந்த பக்கம்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. சிசிலித் தீவில், காலை ஏழு பத்துக்குப் பலேர்மோவிலிருந்து பகேரியாவுக்குப் போகும் ரயிலில், பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு மாதமாகக் கொஞ்சங் கொஞ்சமாகக் கறந்தெடுத்தது. கறந்தெடுத்தது என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அற்புதமலர் தானாக வாய் திறக்கிற ஆள் இல்லை. நானோ, பலேர்மோவின் பல்லரோ சந்தையில் எங்கள் தமிழ் ஆட்கள் யார் எத்தனை கிலோ கணவாய் வாங்கினார்கள், என்ன விசேசம், யாரை அழைத்தார்கள், யாரை விட்டார்கள் என்று அறியாமல் வீட்டுப் படி ஏறாதவள்.

என் பெயர் றோசமலர். பகேரியாவில் ஒரு பல் வைத்தியர் வீட்டில் வேலை. அற்புதமலருக்கும் அதே ஊரில், அவள் சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்று கூப்பிடுகிற ஒரு கிழவியைப் பார்க்கிற வேலை. குடியிருப்பது இரண்டு பேரும் பல்லரோவுக்குப் பின்னாலுள்ள ஒரே கட்டடத்தில். நான் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. அவளுடைய அறையில் கதிரை இழுபடுகிற சத்தம் என் தலைக்கு மேலே கேட்கும். ஐந்து வருடமாக ஒரு கதிரைதான் இழுபட்டிருக்கிறது.

அந்தக் கதிரையிலிருந்தே கதையைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். பிறகு மனம் மாறிவிட்டது.

2

முதல் தொடக்கம்:

"1860ஆம் ஆண்டு சிசிலித் தீவில் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு சகோதரர்கள் எதிரெதிர்ப் படைகளில்

வேண்டாம். பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த சரித்திரமெல்லாம் பல் வைத்தியரின் மகள் சத்தம்போட்டுப் பாடமாக்கும்போது காதில் விழுந்ததுதான்.

இரண்டாம் தொடக்கம்:

"சிஞ்ஞோரா நூன்ஸியாவுக்கு எண்பத்தெட்டு வயது. இரண்டு கண்ணும் தெரியாது. அவருக்கு ஒரு படம் பார்க்க ஆசை வந்தது."

இது பரவாயில்லை. ஆனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கண் தெரியாத கிழவி, பேச்சில்லாத ஊமைப் படம், அதை எடுத்துச் சொல்ல இத்தாலியம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மன்னார்ப் பெண். யாரோ மேசையில் இருந்து யோசித்துச் செய்ததுபோல இருக்கிறது. நானும் நம்பவில்லை. தலையிடி என்று வைத்தியர் வீட்டில் பொய் சொல்லிவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு கிழவி இருக்கிற பழைய வில்லா மாளிகையின் வாசல்வரை போய்ப் பார்த்தேன். மேல்மாடிச் சன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. மரச் சட்டங்களுக்கு இடையால் நீல வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. ஒரு குரல் நிறுத்தி நிறுத்தி, கடைக்குப் போன சின்னப்பிள்ளை சாமான் பெயர் சொல்வதுபோல, இத்தாலியம் கதைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே இரண்டாம் தொடக்கத்தையே வைத்துக்கொள்கிறேன்.

3

1913ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு படக் கொம்பனி பகேரியாவுக்கு வந்து, அந்த வில்லாவின் முற்றத்தில் மூன்று கிழமை நின்று படம் எடுத்தது. நூன்ஸியா அப்போது வில்லாக் காவல்காரனின் மகள், ஐந்து வயது. படத்தில் வரும் குடும்பத்தின் கடைக்குட்டியாக நடிக்க ஒரு சிறுமி தேவைப்பட்டது. முற்றத்தில் கோழி கலைத்துக்கொண்டு நின்ற இவரைப் பிடித்து, முகம் கழுவி, நிறுத்திவிட்டார்கள். (காவல்காரனின் மகளுக்கு அதே வில்லாவில் நான்கு அறைகள் எப்படிச் சொந்தமாயின என்பது வேறு கதை. அற்புதமலர் கேட்கவில்லை. நான் என்றால் முதல் கிழமையே கேட்டிருப்பேன்.)

பிறகு படம் தொலைந்துபோனது. எண்பது வருடம் கழித்து வடக்கே எங்கேயோ ஒரு நிலவறையில், துருப்பிடித்த தகரப் பெட்டிகளுக்குள் அகப்பட்டதாம். முழுதாக அல்ல. ஆட்கள் என்ன கதைக்கிறார்கள் என்று அந்தக் காலப் படங்களில் நடுநடுவே எழுத்தில் காட்டுவார்களே, அந்த அட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசிச் சுருளும் இல்லை. மிஞ்சியதை வீடியோ கசற்றில் ஏற்றி, போலோஞ்ஞாவில் இருக்கும் மருமகன் பார்சலில் அனுப்பியிருந்தார். மாமிக்குக் கண் போனது அவருக்கு நினைவில்லை. வந்து பார்த்து ஆறு வருடம்.

"மாலா, இதைப் போடு. நீ பார். எனக்குச் சொல்லு," என்றார் சிஞ்ஞோரா. அற்புதமலர் என்ற பெயர் அவர் வாய்க்குள் அடங்காததால் அவள் அங்கே மாலா.

அற்புதமலரிடம் இருந்தது வேலைக்காரியின் இத்தாலியம். துடைத்தாயிற்று, பொரிந்துவிட்டது, தண்ணீர் நின்றுபோனது, நாளைக்கு வருகிறேன். அதற்குமேல், பெர்மெசோ என்கிற வதிவிடக் கடதாசிக்காகப் பொலிஸ் கந்தோர் வரிசைகளில் நின்று பழகிய சொற்கள் கொஞ்சம்: கையெழுத்து, காத்திரு, அடுத்த கிழமை வா. இதற்குள் யுத்தத்துக்கு எந்தச் சொல்லை எடுப்பது?

முதல் நாள் அவள் யுத்தத்தைக் காணவில்லை. படியைக் கண்டாள். முற்றத்திலிருந்து மேலே ஏறுகிற கல்படி. திங்களும் வியாழனும் அவள் கழுவுவது. கீழிருந்து மூன்றாம் படியில் இடப்பக்க மூலை உடைந்திருக்கும், தும்புத்தடி அதில் மாட்டும். படத்திலும் அந்த மூலை உடைந்தே இருந்தது.

"சிஞ்ஞோரா, இது எங்கடை படி," என்று தமிழில் சொல்லிவிட்டாள்.

சிஞ்ஞோரா எப்படியோ விளங்கிக்கொண்டு தலையாட்டினாராம்.

4

படத்தில் ஒரு தாய், இரண்டு மகன்மார், ஒரு சிறுமி. மூத்தவனுக்கு மீசை, இளையவனுக்கு இல்லை. படம் எடுத்தவர்கள் நமக்குச் செய்த ஒரே உபகாரம். மூத்தவன் ராசாவை விரட்ட வந்த செஞ்சட்டைக்காரரோடு சேர்கிறான். இளையவன் ராசாவின் பட்டாளம். செஞ்சட்டை என்பதே சிஞ்ஞோரா சொல்லித்தான் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் கறுப்பு, மற்றவர்களின் நீலமும் கறுப்பு. புகைக்குள் ஓடும்போது தொப்பி விழுந்தவன் எந்தப் பக்கம் என்று பெற்றவளுக்கும் தெரியாது.

"இப்போது யார்?" என்பார் சிஞ்ஞோரா.

"மூத்த மகன். கோபம். மேசையில் அடிக்கிறார்."

"ஏன்?"

அற்புதமலர் யோசித்தாள். "மூத்தவருக்கு ஒரு முதலாளி. தம்பிக்கு வேறு முதலாளி. இரண்டு முதலாளியும் சண்டை."

சிஞ்ஞோரா சிரித்தார். பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை என்றார். தாய் என்ன செய்கிறாள் என்று கேட்டார். தாய் சூப்பு ஊற்றுகிறாள் என்று இவள் சொன்னாள். இரண்டு பேருக்கும் இரண்டு கோப்பையா என்று கேட்டார். இல்லை, ஒரு கோப்பைதான், நடுவில் வைக்கிறாள் என்றாள் இவள்.

ரயிலில் இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் இருந்த இத்தாலியப் பெடிச்சிகள் திரும்பிப் பார்த்தார்கள். அற்புதமலர் சிரிக்கவில்லை.

"உண்மைதானே றோசக்கா," என்றாள். "எங்கடை வீட்டிலையும் ரண்டு முதலாளிதானே."

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

5

இங்கே கதையை நிறுத்தி ஒருவருக்குப் பெயர் வைக்கவேண்டும்.

அற்புதமலரின் அண்ணனுக்குப் பெயர் ஸ்ரான்லி. அதை மறைக்கத் தேவையில்லை, இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். இயக்கத்தில் இருந்து, தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் செத்தவர். நவம்பர் கடைசியில், இயக்கத்தில் செத்தவர்களை நினைக்கிற நாளில், மண்டபத்தில் வைக்கிற படங்களில் அவருடையது இரண்டாம் வரிசையில், மாலையோடு இருக்கும். அன்றைக்கு அற்புதமலருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை கொடுப்பார்கள். வருடத்தில் ஒருநாள் அவளுக்கு இன்னொரு கதிரை.

தம்பியைச் சுரேஸ் என்று வைக்கிறேன். (அது அவருடைய பெயர் அல்ல. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லக்கூடாது.) சுரேஸ் வேறு இயக்கம். இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடிய எண்பத்தாறாம் வருடம், இருபது வயதில், கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலுக்குள் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது அண்ணனின் ஆட்கள். அண்ணன் அன்றைக்கு ஊரில் இல்லை.*

சுரேசுக்குப் பூசை வைக்கவில்லை. வைத்தால் யார் வருவார்கள், வந்தவர்களை யார் பார்ப்பார்கள் என்ற பயம். தகப்பன் முன்னமே இல்லை. தாய் தொண்ணூற்று மூன்றில் அகதி முகாமில் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனும் இல்லை. சுரேசின் உண்மைப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஒரு வாய்தான் மிச்சம். அந்த வாயும் பத்து வருடமாக அதைச் சொல்லவில்லை.

அவள் இங்கே வந்த புதிதில், மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போது எங்கள் விமலராணி மெல்லத் தூண்டில் போட்டாள். சுரேசை எப்படிப் பிடித்தார்களாம் என்று. அற்புதமலர் ஈரச் சேலையை உதறியபடி சொன்ன ஒரே பதில்:

"வந்தவங்கள், கேட்டவங்கள். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை."

அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. (அவளிடம் கேட்கவில்லை என்று திருத்தி வாசிக்கவும்.)

* இருந்திருந்தால்? இந்தக் கேள்வி எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியிலும் ஏறி இறங்கியது. முதலில் கேட்டது நான்தான் என்று விமலராணி சொல்வாள். அவள் சொல்வதை எல்லாம் நம்பவேண்டாம். இதை நம்பலாம்.

6

படத்துக்கு வருவோம்.

இளையவன் காயத்தோடு வீட்டுக்கு ஓடி வருகிறான். தாய் அவனைப் படிக்குப் பின்னாலுள்ள வைக்கோல் அறைக்குள் ஒளிக்கிறாள். செஞ்சட்டைக்காரர் வருகிறார்கள். மூத்தவன் அவர்களோடு இல்லை, அவனுடைய கூட்டாளிகள்தான். தாய் கைகளை இடுப்பில் கட்டிய முன்துணிக்குள் மறைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நிற்கிறாள். தலைவன் தாயை விட்டுவிட்டுச் சிறுமியின் முன்னால் குனிகிறான். ஏதோ கேட்கிறான். சிறுமி வலக்கையைத் தூக்கி, விரலை நேரே நீட்டுகிறாள். நீட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

 கசற் சுற்றுகிற சத்தம் மட்டும்.

"மாலா? அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள்?"

"நிற்கிறாள்."

"வெறுமனேயா?"

"வெறுமனே நிற்கிறாள், சிஞ்ஞோரா."

திரையில் இளையவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சிஞ்ஞோரா கேட்டார். அவர்களாகவே தேடினார்கள் என்று இவள் சொன்னாள். பிறகு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது, தாய் திறக்கிறாள், வெளியே வெயில், வெயிலுக்கு எதிரே ஒருவன் நிற்கிறான். மூத்தவனா, தப்பி வந்த இளையவனா, முகம் தெரியவில்லை. அதோடு கசற்றில் வெள்ளைப் புள்ளிகள். கடைசிச் சுருள் இல்லை.

"திருப்பிப் போடு," என்றார் சிஞ்ஞோரா.

வேலை நாளெல்லாம் போட்டார்கள். மூன்று கிழமையில் பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் இளையவன் பிடிபட்டான், பதினான்கு தடவையும் சிறுமி வெறுமனே நின்றாள். படம் முடிந்தபின் சன்னல் கதவைத் திறந்து, கோப்பி போட்டு, கிழவிக்குக் கால் பிடித்துவிட்டு, ஐந்து மணி ரயிலுக்கு வருவாள். வரும்போது அவளுடைய வலக்கை கைப்பைக்குள் இருக்கும். ஏதோ தேடுகிறாள் என்று நினைத்து, என்ன பிள்ளை துலைச்சனி என்று கேட்டுவிட்டேன். ஒன்றுமில்லை என்றாள். கையை வெளியே எடுக்கவில்லை.

7

இந்தப் பகுதியை மூன்று தரம் எழுதி வெட்டியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் மூன்று பேர் சைக்கிளில் வந்து

அன்று பின்னேரம், விளக்கு வைக்கிற நேரம், மூன்று பேர்

வாடிக்குப் போகும் பாதையில்

எனக்கு வரவில்லை. அவள் சொன்னபடியே போடுகிறேன். மழை பெய்த ஒரு காலையில், யன்னல் பக்கம் பார்த்தபடி, நான் கேட்காமலே சொன்னாள்.

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் பின்னேரச் செபமாலை தெரியும்தானே. முழந்தாளில் நின்று தொடங்கினால் நடுவில் நிறுத்துவதில்லை. முற்றத்தில் யாராவது வந்து, ஐயா எங்கே, வள்ளம் வந்துவிட்டதா என்று கேட்டால், மணியைப் பிடித்த கையாலேயே திசையைக் காட்டிவிட்டு, வாய் செபத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வந்தவரும் குறை நினைக்கமாட்டார். யார் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

"அவங்களிலை ஒருத்தன் அண்ணையோடை படிச்சவன், றோசக்கா. எங்களோடை முழந்தாளிலை நிண்டு செபமாலை சொன்னவன். அண்டைக்கும் வாசலிலை செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் வந்தவன். மெல்லமாக் கேட்டான், மலர், தம்பி எங்கையெண்டு. அம்மா முன்னுக்கு, அவ கண்ணை மூடிக்கொண்டு சொல்லுறா. நான் செபத்தை விடேல்லை. கையை மட்டும் வாடிப் பக்கம்…"

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய் வந்தது.

"அந்தப் பத்துச் செபமணியும் முடியமுந்தி வெடிச் சத்தம் கேட்டுது."

நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். உனக்குத் தெரியாதுதானே பிள்ளை, என்றாவது. ஊர்ப் புதினம் என்றால் மணிக்கணக்கில் ஓடுகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அவளே சொன்னாள்:

"நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை எண்டு உங்கள் எல்லாருக்கும் சொன்னனான். அது பொய்யில்லை, றோசக்கா."

பொய்யில்லைதான். பேச்சில்லாத ஒரு படம் வந்துதான் அதில் என்ன குறை என்று அவளுக்குக் காட்டியது.

8

சிஞ்ஞோரா நூன்ஸியா மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். இனி வருவதை அவர்தான் சொன்னாரா, அற்புதமலர் தன் ஆறுதலுக்குச் சேர்த்தாளா, அல்லது எழுத எழுத நான் சேர்த்துவிட்டேனா? முதல் பிரதியைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் இப்படியே இருக்கிறது. சரி.

பதினைந்தாம் நாள், சிறுமி வெறுமனே நிற்கிறாள் என்று சொன்னதும், கிழவி கைத்தடியால் நிலத்தில் தட்டினார்.

"பொய் சொல்கிறாய். அது என் கை. என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாதா?"

பிறகு சொன்னார். ஒக்ரோபர் கடைசி. இறந்தோர் திருநாள் வரப்போகிறது, கடைகளில் சீனிப் பொம்மைகள் தொங்கத் தொடங்கிவிட்டன. செத்துப்போனவர்கள் வந்து பிள்ளைகளுக்குத் தந்துவிட்டுப் போவதாகச் சொல்லிக் கொடுக்கிற பொம்மைகள். படம் எடுத்த மனிதர் ஒன்றை வாங்கிவந்து, குதிரையில் இருக்கும் வீரன், சிவப்பும் பொன்னும் பூசியது, வைக்கோல் அறைத் தூணில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். எங்கே பொம்மை என்று கேட்டால் காட்டவேண்டும், காட்டினால் உனக்குத்தான் என்றார். கேட்டார்கள். நூன்ஸியா காட்டினார். அன்றைக்கே வீரனின் தலையைத் தின்றுவிட்டார். குதிரை மழையில் கரைந்துபோனது.

மாரி முடிய ஊர் மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். திரையில் பொம்மை இல்லை. அவருடைய விரல் இருந்தது, விரலுக்குப் பிறகு அந்தப் பையன். சனம் சீறியது. தாய் அவரைத் தூக்கிக்கொண்டு நடுவிலேயே வெளியேறினாள். அதனால் கடைசியில் கதவைத் திறந்து வந்தது யார் என்று அவருக்கும் தெரியாது. கலியாணம் முடிந்த பிறகும் பகேரியாத் தெருக்களில் காட்டிக்கொடுத்தவள் என்றுதான் பெயர். பகிடிக்குத்தான். எண்பத்திரண்டு வருடப் பகிடி.

"இப்போது திருப்பிப் போடு," என்றார். "சரியாகச் சொல்லு. என்ன செய்கிறாள்?"

அற்புதமலர் திருப்பிப் போட்டாள்.

"கை காட்டுகிறாள்."

"முகம்?"

"சிரிக்கிறாள், சிஞ்ஞோரா."

"ம்."

"அவளுக்குத் தெரியாது," என்றாள் அற்புதமலர். இத்தாலியத்தில் வேகமாக, பிழையில்லாமல் வந்த வசனம் அது ஒன்றுதானாம்.

"தெரியாது," என்றார் கிழவி. கைத்தடியைக் கீழே வைத்து, "ஆனாலும் காட்டினாள்," என்றார். கையை நீட்டித் துழாவி, இவளுடைய வலக்கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். படம் வெள்ளைப் புள்ளிகளுக்குப் போய், அதன் பின்னும் கன நேரம் ஓடியது.

9

இதுவரை நான் நல்ல பிள்ளை மாதிரி ஓரத்தில் இருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். அது சரியில்லை. நானும் கதைக்குள் வரவேண்டும்.

நவம்பர் இரண்டாந் திகதி, இறந்தோர் திருநாளில், எங்களுக்கு ஒரு தமிழ்ப் பூசை உண்டு. குடும்பங்கள் தங்கள் செத்தவர்களின் பெயர்களைக் கொடுக்கும். பூசை நடுவில் எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர்களைச் சேர்ப்பது பாடகர் குழுவை நடத்துகிற அலோசியஸ் அண்ணை. பட்டியலை எழுதுவது நான். மடத்தில் படித்த கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். நானும் மறுப்பதில்லை.

போன வருடம் ஆனந்தராசா தன் மைத்துனரின் பெயரைக் கொடுத்தார். துரோகி என்று ஸ்ரான்லியின் இயக்கம் விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்ட மனிதர். அலோசியஸ் அண்ணை என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, கோப்பையை வைத்தபின் சொன்னார்:

"தங்கச்சி, அந்த ஒண்டை விட்டிடுங்கோ. சும்மா ஏன் பிரச்சினை. ஆண்டவருக்கு எல்லாற்றை பேரும் தெரியும்தானே."

அவர் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். நான் பயந்த மனுசியும் அல்ல. சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வரியை எழுதாமல் விட்டேன். பூசையில் ஆனந்தராசா கடைசிப் பெயர்வரை எழுந்து நின்று கேட்டார். பிறகு இருந்தார். அதன்பின் எங்கள் பூசைக்கு அவர் வரவில்லை. ஏன் வருவதில்லை என்று நான் நாலு பேரிடம் விசாரித்தும் இருக்கிறேன். என் துணிச்சலைப் பாருங்கள்.

10

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

அ. அற்புதமலர் வழக்கம்போல ஸ்ரான்லியின் பெயரை மட்டும் கொடுக்கிறாள். மேலே ஒற்றைக் கதிரை இழுபடுகிறது. (வெட்டிவிட்டேன். அழகான முடிவு. அதனால்தான் வெட்டினேன்.)

ஆ. இரண்டு பெயரையும் கொடுக்கிறாள், இரண்டும் அடுத்தடுத்து வாசிக்கப்படுகின்றன, சனம் மனம் இளகி

இ. போலோஞ்ஞாவிலிருந்து கடைசிச் சுருள் வந்து சேர்கிறது. கதவைத் திறந்து வந்தவன்

இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இது. நேற்று வியாழக்கிழமை காலை, ரயில் பகேரியாவை நெருங்கும்போது, அற்புதமலர் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தாள். விரித்தேன். ஒரு பெயர்தான் இருந்தது. ஸ்ரான்லியுடையது அல்ல.

"அண்ணையின்ரை?" என்று கேட்டேன்.

"அண்ணையின்ரை எப்பிடியும் வரும், றோசக்கா. அதைக் குடுக்க எத்தினையோ பேர் இருக்கினம். இது என்ரை."

அலோசியஸ் அண்ணை என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெயர் வாசிக்கப்பட்டால் மண்டபத்தில் முன்வரிசைக் கதிரை போய்விடும் என்றும் தெரியும். பூசை முடிய எத்தனை பேர் அவளைக் கண்டும் காணாமல் படியிறங்குவார்கள் என்று எனக்கே கணக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? நான் இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்கள்தானே எழுதுறனீங்கள்?" என்றாள்.

"ஓம்."

"அப்ப எழுதுங்கோ."

ரயில் நின்றது. கதவடியில் போய் நின்றவள் திரும்பி வந்தாள். நான் எழுத்தை மாறி வாசித்துவிடக்கூடாது என்று, சனத்துக்கு நடுவில், அந்தப் பெயரை வாயால் சொன்னாள். முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயரோடு. பத்து வருடத்துக்குப் பிறகு. அவள் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கு நேற்றைக்குத்தான் தெரியும்.

இன்று வெள்ளி, சகல புனிதர் திருநாள், வேலை இல்லை. மேசையில் இரண்டு தாள்கள். ஒன்றில் இந்தக் கதை. இதில் அந்தப் பெயர் வராது; சுரேஸ் என்ற பொய்யோடேயே இருக்கட்டும். கதையில் பெயரைப் போட்டுவிட்டுப் பட்டியலில் போடாமல் விடுகிற ஆள் நான் என்பது எனக்குத் தெரியும்.

மற்றது பட்டியல். முப்பத்தொன்பது பெயர் எழுதிவிட்டேன். ஸ்ரான்லி பதினேழாவது. நாற்பதாவது வரிக்கு இலக்கம் மட்டும் போட்டிருக்கிறேன். நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன அலோசியஸ் அண்ணை அதிசயமாக நாலுக்கே வந்துவிட்டார். படியில் அவருடைய இருமல் கேட்கிறது. தலைக்கு மேலே கதிரை ஒருமுறை இழுபட்டு நின்றது. அவளும் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் இதை வாசிக்கும்போது பூசை முடிந்திருக்கும். அங்கே இருந்த எவரையாவது பிடித்துக் கேளுங்கள், எத்தனை பெயர் வாசித்தார்கள் என்று. எங்கள் ஆட்களுக்கு எண்ணிக்கை தப்பாது. நாற்பது என்றால் என்னைத் தேடி வரவேண்டாம், மூன்றாம் மாடிக்குப் போங்கள். போகும்போது இருக்க ஒரு கதிரையும் கொண்டுபோங்கள்.

முப்பத்தொன்பது என்றால் ஏழு பத்து ரயிலில் என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். வந்து இருந்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.